மொடக்குறிச்சியின் வரலாறு: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய அட்டவணையும் வந்து சேர்ந்தன. மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை எழுதப் போகிறாயாம். ஆண்டு, ஜெயித்தவர், கட்சி, வாக்கு வித்தியாசம் என்று நாலு கட்டம் போட்டு, கட்சிக்கு ஒரு கலரும் அடித்து, "முக்கால்வாசி வேலை முடிந்தது மாமா, நடுநடுவே நாலு வரி சேர்த்தால் போதும்தானே?" என்று கேட்டிருக்கிறாய். போதாது. அட்டவணை லட்சணமாகத்தான் இருக்கிறது, சுவரில் ஒட்டிக்கொள். எழுத உட்காரும்போது மட்டும் அது உன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. நீ கேட்டதால்தான் சொல்கிறேன். கேட்காதவர்களுக்குப் புத்தி சொல்லும் பழக்கத்தை விட்டு வெகுநாளாயிற்று என்று உன் அத்தை சான்று கொடுப்பாள்.

"மொடக்குறிச்சி மக்கள் தொன்றுதொட்டு இப்படித்தான் வாக்களித்து வருகிறார்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து தொடங்குவோம். எந்த மொடக்குறிச்சி? அந்தப் பெயரில் ஒரு பேரூராட்சி இருக்கிறது, ஓர் ஊராட்சி ஒன்றியம் இருக்கிறது, தாலுகா இருக்கிறது, சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. நாலுக்கும் எல்லை வேறு வேறு. இன்றைய தொகுதிக்குள் அவல்பூந்துறை, அரச்சலூர், சிவகிரி, கொடுமுடி எல்லாம் அடங்கும். கொடுமுடிக்காரர் ஒருவரைப் பிடித்து, "நீங்க மொடக்குறிச்சிக்காரர்தானுங்களே?" என்று கேட்டுப் பார். காவிரி பக்கத்தில்தான் ஓடுகிறது, கொஞ்சம் தள்ளி நின்றே கேள்.

அடுத்தது அந்தத் 'தொன்றுதொட்டு'. தொகுதி பிறந்ததே 1967 தேர்தலுக்குத்தான். 1952-ல் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 375 இடங்கள். ஆந்திரா பிரிந்து போய், மலபாரும் கேரளத்தோடு சேர்ந்தபின் 1957-ல் 205 ஆகச் சுருங்கியது, 1962-ல் 206. அந்த முதல் இரண்டு தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் வேறு. ஒருவர் பொது, இன்னொருவர் ஒதுக்கீடு. 1961-ல் சட்டம் போட்டு அந்த ஏற்பாட்டை ஒழித்தார்கள். பிறகு கோடுகளை எல்லாம் அழித்துத் திரும்பப் போட்டு 234 தொகுதிகளாக்கிய 1967-ல்தான் மொடக்குறிச்சி என்ற பெயர் பட்டியலில் ஏறுகிறது. அப்போது அது கோயம்புத்தூர் மாவட்டம். 1979-ல் பெரியார் மாவட்டம். அப்புறம் ஈரோடு மாவட்டம். குடியிருந்த வீட்டைவிட்டு ஒரு அடி நகராமலே மூன்று மாவட்டங்களில் ஓட்டுப் போட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மக்களவைக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2008 வரை மொடக்குறிச்சி திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் இருந்தது. காவிரிக்கு அந்தக் கரை! ஈரோட்டுக்காரர்களும் அப்படித்தான். 2008 மறுவரையறையில் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியே காணாமல் போய், ஈரோடு என்று புதிதாக ஒன்று வந்தது. பக்கத்து வெள்ளகோவில் சட்டமன்றத் தொகுதியும் அப்போதுதான் மறைந்தது. ஒன்றாக இருந்த ஈரோடு சட்டமன்றத் தொகுதி கிழக்கு, மேற்கு என்று இரண்டானது. 1971 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட எல்லையில் கடைசியாக நடந்த சட்டமன்றத் தேர்தல் 2006. 2001 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட எல்லையில் முதலாவது 2011. உன் அட்டவணையில் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே தடிமனாக ஒரு கோடு போடு. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் பெயரில் ஒன்று, நிலத்தில் வேறு. ஒன்றுக்கொன்று கழித்து "செல்வாக்கு இவ்வளவு சரிந்தது" என்று எழுதினால் உன்னை யாரும் கைது செய்யப் போவதில்லை, ஆனால் கணக்கு தெரிந்தவன் அதற்குமேல் படிக்கமாட்டான்.

கொடுமுடி என்றதும் நீ அந்த ஊரில் பிறந்த பாடகி கே.பி. சுந்தராம்பாளை இழுத்து வருவாய் என்று எனக்குத் தெரியும். அவர் போனது மேலவைக்கு. உன் தொகுதி அப்போது பிறக்கவே இல்லை. அவரை விட்டுவிடு.

இனி நீ சலித்துக்கொள்ளப்போகும் விஷயத்துக்கு வருகிறேன்: வாய்க்கால். "அரசியல் வரலாற்றில் வாய்க்கால் எதற்கு மாமா?" என்பாய். அந்தப் பக்கத்து நிலத்தைப் பற்றி எழுதிவிட்டு வாய்க்காலை எழுதாமல் விட்டால், அங்கே ஒருவரும் அதை வரலாறு என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கிக் கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. அதன் பாசனத்தில் மஞ்சள், கரும்பு, வாழை, நெல். ஆண்டின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் ஓடும். கொஞ்சம் மேடேறிப் போனால் கீழ்பவானி வாய்க்கால். 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வருகிறது, ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். அவ்வளவு நிலத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. மதகுகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். ஒற்றைப்படை மதகுகளுக்கு இந்த ஆண்டு ஆகஸ்ட்டில் நெல்லுக்குத் தண்ணீர் என்றால், இரட்டைப்படைக்கு ஜனவரியில் கடலை, எள்ளுக்கு. அடுத்த ஆண்டு அதுவே மாறிவரும். அணையில் தண்ணீர் குறைந்துவிட்டால் இரண்டாம் முறைக்காரர் கதி? அதிலும் கடைமடைக்காரர் கதி? இவரும் காலிங்கராயன்காரரும் ஒரே பூத்தில் வரிசையில் நிற்பார்கள். ஆனால் ஒருவருக்கு நியாயமாகப் படும் உத்தரவு இன்னொருவருக்கு வயிற்றெரிச்சல். நீ சாதிக் கணக்கைப் போட்டுத் தொகுதியைப் புரிந்துகொண்டதாக நினைக்கிறாயே, அந்தக் கணக்குக்குள் மதகு நம்பர் வராது.

விவசாயிகள் கூடிப் போராடுவதும் அங்கே புதிதில்லை. 1970-ல் கோவை வட்டாரத்தில் மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் கோவையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து சாலையை அடைத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு என்ற பெயரை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் ஒரு மரியாதையோடு சொல்வதைக் கேட்கலாம். 1984-ல் அவர் மறைந்தார். இலவச மின்சாரம் 1990-ல் வந்தது. ஊர்வலம், மறியல், மனு, கடையடைப்பு என்று எல்லா வழியும் பார்த்துப் பழகிய ஆட்கள். மிச்சமிருந்தது வேட்புமனு ஒன்றுதான்.

அதைத்தான் 1996-ல் எடுத்தார்கள்.

உன் அட்டவணையில் அந்த ஆண்டுக்கு நேரே "சுப்புலட்சுமி ஜெகதீசன், தி.மு.க." என்று போட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் "1033 வேட்பாளர்கள் (சாதனை!)" என்று எழுதி ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறாய். வரலாறே அந்த ஓரத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை. நீ அதைப் பொதுஅறிவு வினாவிடைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

என்ன நடந்தது என்று யோசித்துப் பார். விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்காக நூற்றுக்கணக்கில் சுயேச்சையாக மனுப் போட்டார்கள். வாபஸ் எல்லாம் முடிந்து களத்தில் நின்றவர்கள் மட்டும் 1033 பேர். இந்தியாவில் எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேர் நின்றதில்லை. அன்றைக்கு மின்னணு இயந்திரம் கிடையாது, எல்லாம் சீட்டு. 1033 பெயரையும் சின்னத்தையும் எந்தக் காகிதத்தில் அடிப்பது? ஒரே தொகுதியில் இருவருக்கு ஒரே சின்னம் கொடுக்க முடியாதே, ஆயிரம் சின்னத்துக்கு எங்கே போவது? தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை ஒரு மாதம் தள்ளிப்போட்டது. வாக்குச்சீட்டு கடைசியில் புத்தகமாக வந்தது. ஆமாம், புத்தகம்தான். வாக்காளர் அதைக் கையில் வாங்கி, மறைவுக்குள் போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தனக்கு வேண்டியவரைக் கண்டுபிடித்து முத்திரை குத்த வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதியை நீ கவனிக்காமல் விட்டிருப்பாய். இன்றைக்கு அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று வரிசை இருக்கிறது. அன்றைய சட்டத்தில் அந்த வரிசை கிடையாது. எல்லோரும் ஒரே அகர வரிசையில் கலந்து நிற்பார்கள். உதயசூரியனும் இரட்டை இலையும் ஆயிரம் சுயேச்சைகளுக்கு நடுவே எங்கேயோ. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பாட்டி என்ன பாடுபட்டிருப்பாள்! பூத் அதிகாரி அதைவிட.

எண்ணி முடித்தபோது சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்திருந்தார். அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமிக்கு டெபாசிட் தப்பியது. மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் போயிற்று. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. 158 பேருக்கு ஆளுக்கு ஒன்று.

இங்கேதான் நீ சிரிப்பாய். "தன் ஓட்டையே தனக்குப் போடாத 88 பேர்" என்று துணைத்தலைப்புக்கூடத் தயாராக வைத்திருப்பாய். முதலில் சட்டத்தைப் பார். சட்டமன்றத்துக்குப் போட்டியிட மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். ஆகவே அந்த 88 பேரில் பலருக்கு அங்கே ஓட்டே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் அந்தத் தொகுதி வாக்காளராகத்தான் இருந்தாக வேண்டும். அப்படியானால் அந்த முன்மொழிந்தவரும் இவருக்குப் போடவில்லை, அல்லது போட்டது செல்லாமல் போயிற்று. இது கேலிக்குரிய விஷயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுவை ஒருவருக்குக் கொடுத்தார்கள், ஓட்டை வேறொருவருக்குப் போட்டார்கள். அதுவரை ஆண்ட அ.தி.மு.க. மாநிலம் முழுக்க நாலே இடத்துக்கு வந்துநின்ற ஆண்டு அது. யார் ஆளக்கூடாது என்று சொல்வதற்கு ஓட்டு, தங்கள் குறை என்ன என்று சொல்வதற்கு வேட்புமனு. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது அவர்களுக்கு. தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் வைத்த தாளை அரசாங்கம் படித்தே ஆக வேண்டும், பரிசீலித்தே ஆக வேண்டும், வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். குறைதீர்க்கும் நாளில் நீட்டும் மனுவுக்கு அந்த மரியாதை உண்டா?

"அதனால் என்ன கிடைத்தது மாமா?" நல்ல கேள்வி. சட்டத் திருத்தம் கிடைத்தது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதே 1996-ல் 5,000 ஆனது, மக்களவைக்கு 500 என்பது 10,000. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. சுயேச்சைக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும் என்பது போய்ப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. வேட்பாளர் வரிசை மூன்றாகப் பிரிந்ததும் அப்போதுதான். வேட்பாளர் ஒருவர் இறந்தால் தேர்தலை நிறுத்துவது என்பதையும் அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளரோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரசாரக் காலம் 20 நாளிலிருந்து 14 ஆகக் குறைந்தது. கணக்குப் போட்டுப் பார்: எல்லோரும் முழுத்தொகை கட்டியதாக வைத்துக்கொண்டால் 1033 பேருக்குப் பழைய கட்டணத்தில் 2,58,250 ரூபாய். புதிய கட்டணத்தில் 51,65,000. இன்றைய 10,000-த்தில் ஒரு கோடியே மூன்று லட்சத்து முப்பதாயிரம்.

உடனே பேனாவை எடுத்து "நாட்டின் சட்டத்தையே மாற்றிய மொடக்குறிச்சி" என்று எழுதிவிடாதே. உன்னுடைய ஊர்ப்பாசம் எனக்குப் புரிகிறது, ஆனால் பொய்யாகிவிடும். அதே 1996-ல் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள், தண்ணீர்ப் பிரச்சினைக்காக. கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர், மகாராஷ்டிர எல்லைத் தகராறுக்காக. அதற்கும் முன்பே, 1990-ல், தினேஷ் கோஸ்வாமி குழு தேர்தல் சீர்திருத்தம் பற்றி அறிக்கை கொடுத்திருந்தது. மொடக்குறிச்சி அந்தக் கூட்டத்தில் ஒரு குரல், உரத்த குரல், அவ்வளவுதான். நாடு முழுக்க மக்களவைக்கு 1996-ல் நின்றவர்கள் 13,952 பேர். 1998-ல் 4,750.

டெபாசிட்டை உயர்த்தியது தப்பு என்கிறேனா? இல்லை. புத்தகத்தைப் புரட்டி ஓட்டுப் போடச் சொல்வது வாக்காளருக்குச் செய்யும் கொடுமைதான். 1033 பேருடைய சீட்டுகளைப் பிரித்து எண்ணிய ஊழியர்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனி. விவசாயி தன் குறையைச் சொன்னான். அரசு அவன் சொன்ன விதத்துக்கு விடை கண்டுபிடித்தது. அடுத்த தடவை அவன் அப்படிச் சொல்ல முடியாதபடி செய்வதில் எல்லாக் கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது. சொன்ன விஷயத்தில் அந்த ஒற்றுமை இல்லை. இதை நீ எழுதவில்லை என்றால் அந்த அத்தியாயம் வெறும் துணுக்குதான்.

"இன்றைக்கு இயந்திரம் வந்துவிட்டதே, இனி அப்படி நடக்காது" என்றும் எழுதியிருக்கிறாய். 2001-ல் தமிழ்நாடு முழுக்க இயந்திரத்துக்கு மாறியது உண்மை. ஒரு பேலட் யூனிட்டில் 16 பட்டன், பழைய ரகத்தில் நாலு யூனிட் சேர்த்தால் 64, அதற்குமேல் போனால் திரும்பச் சீட்டுதான். இப்போதைய ரகத்தில் 24 யூனிட் இணைத்து 384 வரை போகலாம். மொடக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே, 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்று, பூத்துக்கு ஐந்து யூனிட் வைத்தார்கள். ஆனால் உனக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டியது தெலங்கானாவின் நிஜாமாபாத். 2019 மக்களவைத் தேர்தலில் 185 பேர், அதில் 178 பேர் விவசாயிகள். எந்த விவசாயிகள் தெரியுமா? பெரும்பாலும் மஞ்சள்காரர்கள்! மஞ்சளுக்கு விலையும் வாரியமும் கேட்டு, ஆளுக்கு 25,000 ரூபாய் டெபாசிட் கட்டி நின்றார்கள். ஆணையம் பன்னிரண்டு யூனிட்டுகளை ஒன்றோடொன்று கோத்து வைத்தது. அன்றைய முதலமைச்சரின் மகளும் எம்.பி.யுமான கவிதா தோற்றார். வாரியம் கொண்டுவருகிறேன் என்று பத்திரத்தில் எழுதிக்கொடுத்த பா.ஜ.க. வேட்பாளர் அரவிந்த் ஜெயித்தார். தேசிய மஞ்சள் வாரியம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. மஞ்சள் சந்தைக்குப் பேர்போன ஈரோட்டில் இதைப் படித்தவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கட்டணத்தை ஏற்றினால் ஏழைச் சுயேச்சை தடுக்கப்படுவான். கோபத்தில் இருக்கிற ஊர் தடுக்கப்படாது, வசூல் செய்து கட்டிவிடும்.

இனி உன் அட்டவணையின் கலர்களுக்கு வருகிறேன். 2006-ல் காங்கிரஸ் கலர், 2011-லும் 2016-லும் அ.தி.மு.க. கலர், 2021-ல் பா.ஜ.க. கலர். "பதினைந்து ஆண்டில் காங்கிரஸிலிருந்து பா.ஜ.க.வுக்கு மாறிய தொகுதி" என்று ஒரு முடிவும் கட்டிவிட்டாய். அட என் அறிவாளியே! 2006-ல் தி.மு.க. அணியில் அந்த இடம் காங்கிரஸுக்குப் போனது, 2021-ல் அ.தி.மு.க. அணியில் பா.ஜ.க.வுக்குப் போனது. இரண்டையும் முடிவு செய்தது சென்னையில் விடிய விடிய நடந்த தொகுதிப் பங்கீடு. வாக்காளர் பலர் அணியைப் பார்த்துப் போட்டார்கள், நீ பட்டனுக்குப் பக்கத்தில் இருந்த சின்னத்தை வைத்து அவர்கள் மனத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டாய். வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் 'யார் கூட்டணியில்' என்று ஐந்தாவது கட்டம் ஒன்று போடு. கலர் அடிப்பதானால் அதற்கு அடி.

கலரைவிட ஆட்களைப் பார்த்தால் கதை நன்றாக ஓடும். சுப்புலட்சுமி ஜெகதீசன் அங்கே முதலில் ஜெயித்தது 1977-ல், இரட்டை இலையில். எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றார். பிறகு தி.மு.க.வுக்கு வந்து, 1989-ல் பக்கத்து ஈரோட்டில் ஜெயித்து மறுபடி அமைச்சர். அதே 1989-ல் மொடக்குறிச்சியில் தி.மு.க. சார்பில் ஜெயித்தவர் அ. கணேசமூர்த்தி, பிற்பாடு ம.தி.மு.க.வுக்குப் போய் ஈரோட்டுக்கு எம்.பி. ஆனவர். 1996 கூத்து முடிந்து, 2004-ல் சுப்புலட்சுமி திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய இணையமைச்சரானார். 1996-ல் டெபாசிட்டோடு திரும்பிய கிட்டுசாமி பதினைந்து ஆண்டு கழித்து 2011-ல் ஜெயித்துச் சட்டமன்றம் போனார். 2021-ல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த தேர்தலில், துணைப் பொதுச்செயலாளராக இருந்த சுப்புலட்சுமி, முதலில் ஜெயித்து 44 ஆண்டுகளுக்குப் பிறகு அதே தொகுதியில் நின்று, பா.ஜ.க.வின் மருத்துவர் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார்.

அந்த 281-க்கு நீ காரணம் எழுதியிருக்கும் பத்தியை அப்படியே அடித்துவிடு. உள்ளடி வேலை, சாதி, வேட்பாளரின் வயது, மழை எல்லாம் சொல்லியிருக்கிறாய். ஒன்றரை லட்சத்துக்குமேல் வாக்குகளை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொண்ட இடத்தில் 281 என்பது நாலைந்து தெரு. அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு எந்தக் காரணம் சொன்னாலும் பொருந்தும், அதனால்தான் எதையும் சொல்லக்கூடாது. வேறொன்றை வேண்டுமானால் பக்கத்தில் வை: ஆயிரம் பேர் நின்றபோது வெற்றி கேள்விக்கிடமில்லாமல் இருந்தது. பட்டியல் சுருங்கி, டெபாசிட் ஏறி, எல்லாம் ஒழுங்கான பிறகுதான் நூலிழையில் வந்து நின்றது. இதற்கும் காரணம் கேட்காதே. வைத்துவிட்டு நகர்ந்துபோ.

எல்லை விஷயத்தில் இன்னொன்று. இப்போதிருக்கும் கோடும் நிரந்தரம் இல்லை. 2001-ல் வந்த 84-வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை இடங்களின் எண்ணிக்கையில் கைவைக்கக்கூடாது. அதன்பின் கோடு மறுபடி நகரும்போது எந்த ஊர் எந்தப் பக்கம் போகும், பெயரே மிஞ்சுமா என்பதெல்லாம் திறந்த கேள்வி. அதனால் இப்போதே 2008 ஆணையை வாங்கி, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, பழைய எல்லைப் பட்டியலோடு ஒப்பிட்டு வை. சலிப்பான வேலைதான். முதல் அத்தியாயம் அதுதான்.

கடைசியாக, நீ அங்கே நேரில் போகப் போவதாகச் சொன்னது பற்றி. 1996-ல் மனுப் போட்டவர்கள் பலருக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும். போய் உட்கார்ந்ததும் "ஏன் நின்றீர்கள்?" என்று டிவிக்காரன் மாதிரி ஆரம்பிக்காதே. டெபாசிட் 250 ரூபாயை யார் கட்டினார்கள், முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது யார், என்ன சின்னம் கிடைத்தது, அந்தப் புத்தகத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தாரா என்று கேள். கோரிக்கை என்ன என்பது தானாக வரும், நீ நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. வீட்டம்மாவிடமும் தனியாகக் கேள், அவர் யாருக்குப் போட்டார் என்று. சொல்லமாட்டார். ஆனால் சொல்லாத விதத்தில் விஷயம் இருக்கும். உன் அட்டவணையைக் கையோடு கொண்டுபோகாதே, முக்கியமாகக் கலர் அடித்ததை. எந்த மதகில் பாசனம், எத்தனையாவது முறை என்று முதலில் விசாரித்துக்கொள், அப்புறம் மற்றதைப் பேசு. தை, மாசியில் மட்டும் போய்விடாதே. மஞ்சள் வெட்டும் வேகவைப்பும் நடக்கிற சமயம், ஆளுக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். வாட்டசாட்டமாக நீ வாசலில் போய் நின்றால் வரலாறு கேட்க வந்தவன் என்று நினைக்கமாட்டார்கள், கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
மாமா